ஏரிக்கரையில் ஒரு மனை

சென்ற கோடை விடுமுறையில் என் தமக்கையின் மகன் வழுவழுப்பான தாள் ஒன்றைக் கொண்டுவந்து என்முன் விரித்தான். நீல நீர்ப்பரப்பு, அதன் கரையில் இரண்டு பிரம்பு நாற்காலிகள், பின்னணியில் பனிமூட்டம் தழுவிய மலை. கொடைக்கானல் ஏரியைப் பார்த்தபடி அமைந்த மனைகள் விற்பனைக்கு உண்டு என்று அதில் அச்சிட்டிருந்தார்கள்.

“விலை கொஞ்சம் கூடத்தான் மாமா. ஆனால் சன்னலைத் திறந்தால் ஏரி. ஓய்வு பெற்ற பிறகு அம்மாவும் அப்பாவும் அங்கே இருக்கலாம். நீங்களும் வந்து தங்கலாமே!”

அவன் உழைத்துச் சேர்த்த பணம். ஆசையும் பழிக்கத்தக்கது அன்று. மலையும் நீரும் ஒருங்கே அமைந்த இடத்தில் மனித மனம் இளைப்பாற விரும்புவது இயல்பே. எனினும் நான் நாற்பது ஆண்டுகள் பத்திரங்களோடு பழகியவன். பழக்கத்தின் காரணமாக ஒன்று கேட்டேன். “கிரயப் பத்திரத்தில் செக்குபந்தி எழுதுவார்களே தம்பி, வடக்கே இன்னார் மனை, தெற்கே பாதை என்று. அதில் ஏரி எந்தப் பக்கத்தில் வரும்?” அவன் சிரித்துவிட்டான். ஏரி எந்தப் பக்கத்திலும் வராது. மனைக்கும் ஏரிக்கும் இடையே வேறு மனைகளும், ஒரு சாலையும், ஒரு சரிவும் இருக்கின்றன. ஆனால் விலை மட்டும் ஏரிக்காகவே சொல்லப்பட்டது.

பத்திரத்தில் இல்லாத ஒன்றுக்கு மனிதர் விலை கொடுக்கும் இந்த வழக்கம் எப்போது, எப்படித் தொடங்கிற்று? அதை அறிய வேண்டுமானால் அந்த ஏரி பிறந்த கதையை அறிய வேண்டும். ஆம், பிறந்த கதைதான். கொடைக்கானல் ஏரி இயற்கையாய் அமைந்தது அன்று என்பதை அங்கே படகு விடுவோருள் பலர் அறியார்.

ஏரி தோன்றுவதற்கு முன்னும் அந்த மலையில் மனிதர் வாழ்ந்தனர். தாண்டிக்குடி முதலிய இடங்களில் காணப்படும் கற்பதுக்கைகள், எழுத்து வடிவில் வரலாறு தோன்றாத காலத்தே அங்கு மக்கள் வாழ்ந்து இறந்ததற்குச் சான்று. செண்பகனூர் இயேசு சபைக் குருக்களாகிய ஆங்லாட், நியூட்டன் ஆகிய இருவரும் இந்தக் கற்பதுக்கைகளைத் தேடி மலையெங்கும் நடந்து ஆராய்ந்தனர். அவர்களது நூலை இந்தியத் தொல்லியல் துறை 1928இல் வெளியிட்டது. பின்னாளில் தேனும் கிழங்கும் தேடிக் காடுகளில் உலவிய பளியரும், படிப்படியாக வயல் வெட்டிப் பயிரிட்ட குன்றுவரும் அம்மலையைத் தம் இல்லமாகக் கொண்டனர். வில்பட்டி, பூம்பாறை, மன்னவனூர், வெள்ளகவி ஆகிய ஊர்களெல்லாம் வெள்ளையர் மலையேறுவதற்கு முன்பே இருந்தவை. இன்று ஏரி நிற்கும் பள்ளத்தாக்கில் அன்று ஓடைகள் பாயும் சதுப்பு நிலமே இருந்தது. அதைப் பார்ப்பதற்கென்று எவரும் வீடு கட்டவில்லை. பயிருக்கும் மாட்டுக்கும் நீர் தேவை. பார்வைக்கு நீர் தேவை என்ற எண்ணம் அவர்களுக்குத் தோன்றியதாகத் தெரியவில்லை.

1821இல் வார்டு என்னும் படைத்துறை அலுவலர் நில அளவைக்காகப் பழனி மலைமேல் ஏறினார். அதன்பின் ஓரிருவர் வந்து போயினர். உண்மையில் குடியேற்றத்தைத் தொடங்கி வைத்தது அழகன்று, அச்சம். 1834இல் யாழ்ப்பாணத்திலிருந்து மதுரைக்கு வந்த அமெரிக்க மறைப்பணியாளர்கள் காய்ச்சலுக்கும் வாந்திபேதிக்கும் தங்கள் மனைவியரையும் குழந்தைகளையும் அடுத்தடுத்துப் பறிகொடுத்தனர். உடல் தேற யாழ்ப்பாணத்துக்குத் திரும்பிச் செல்வது பெரும்பாடு. சிறுமலையை நாடினர், அங்கும் காய்ச்சல் விடவில்லை. ஆகவே இன்னும் உயரே, ஏறத்தாழ ஏழாயிரம் அடி உயரத்தில், 1845இல் சிறு வீடுகள் இரண்டு எழுப்பினர். சன்னிசைடு, ஷெல்டன் என்பன அவற்றின் பெயர்கள். கொடைக்கானல் என்னும் ஊரின் முதல் வீடுகள் அவையே. அவற்றின் சன்னலைத் திறந்தால் ஏரி தெரிந்திராது, ஏரியே இல்லை. பிள்ளை பிழைக்குமா என்று தாயொருத்தி விழித்திருந்த வீடுகள் அவை. மலைமனை என்றதும் அந்த முதல் மனைகளே எனக்கு நினைவுக்கு வருகின்றன.

பிரெஞ்சு நாட்டு இயேசு சபைக் குருக்களும் அவ்வாறே ஏறி வந்தனர். லூயி சேன் சீர் அடிகளாரின் முயற்சியால் சலேத் அன்னை ஆலயம் எழுந்து, 1866இல் மந்திரிக்கப்பட்டது. சலேத் என்பது பிரான்சின் ஆல்ப்ஸ் மலையிலுள்ள ஒரு சிற்றூர். அங்கே 1846இல் மாடு மேய்த்த சிறார் இருவருக்கு அன்னை காட்சி தந்ததாகத் திருச்சபை ஏற்றுக்கொண்டது. மலையூர் ஒன்றின் அன்னையை மற்றொரு மலையூருக்கு அழைத்து வந்தது பொருத்தமே. சமவெளியிலிருந்து ஏறிய சுமைகூலிகளும் கொத்தர்களும் சமையற்காரர்களும் அங்கே முழந்தாட்படியிட்டிருப்பர். அவர்கள் பெயர்கள் எந்த வீட்டின் வாயிற்கல்லிலும் இல்லை.

இப்போது ஏரிக்கு வருவோம். 1860 முதல் 1867 வரை மதுரை மாவட்ட ஆட்சித் தலைவராக இருந்தவர் வேர் ஹென்றி லெவிஞ்சு. அயர்லாந்தின் வெஸ்ட்மீத் வட்டாரத்துக் குடும்பம் அவருடையது. வெஸ்ட்மீத் ஏரிகள் நிறைந்த நாடு. அந்நினைவுதான் அவரைத் தூண்டிற்றோ என்று எண்ணிப் பார்க்கத் தோன்றுகிறது. இது என் ஊகமே. 1863இல் அவர் மூன்று ஓடைகளை மறித்துக் கரை எழுப்பினார். பெரும்பாலும் தம் சொந்தப் பணத்தையே செலவிட்டார் என்பர். சதுப்பு மறைந்து ஏறத்தாழ அறுபது ஏக்கர் நீர்ப்பரப்பு விரிந்தது. தூத்துக்குடியிலிருந்து படகு கொண்டுவந்து அதில் மிதக்கவிட்டார். சாலைகள் திறந்தார், ஐரோப்பியக் காய்கறிகளும் கனிமரங்களும் தைல மரமும் கொண்டுவந்து நட்டார். பணி ஓய்வுக்குப் பின் தாய்நாடு திரும்பாமல் அம்மலையிலேயே பாம்பார் இல்லத்தில் வாழ்ந்து, 1885இல் காலமானார். நண்பர்கள் அவருக்கு நினைவுச் சிலுவை நாட்டினர். ஆட்சியாளருள் இத்தகையோர் அரியர் என்பதை மறுக்க மாட்டேன்.

ஆயினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஏரி வந்ததும் ஊரின் முகம் திரும்பிவிட்டது. அதுவரை நலமான காற்றே பெரிதென்று இருந்த இடத்தில், நீரை நோக்கிய நிலம் வேறு, நோக்காத நிலம் வேறு என்ற பாகுபாடு பிறந்தது. 1875இல் இருப்புப் பாதை அம்மையநாயக்கனூரை எட்டியது. அங்கிருந்து மாட்டுவண்டியில் மலையடிவாரத்துக் கிருஷ்ணம்ம நாயக்கன் தோப்பு வரை. பின்னர் செங்குத்தான பாதையில் குதிரையிலோ நாற்காலிப் பல்லக்கிலோ பயணம். கால் பதிந்த கற்களில் ஏறிய சுமைகாரர்களின் தோள்களில் பியானோ ஒன்று ஏறியதாகக் கேட்டால் கூட நான் வியப்படைய மாட்டேன். 1890இல் படகுக் கழகம் அமைந்தது, 1899இல் நகராட்சி, 1901இல் மறைப்பணியாளரின் பிள்ளைகளுக்காக ஏரியருகே பள்ளி. வத்தலக்குண்டிலிருந்து மலைமேல் செல்லும் சாலை முதல் உலகப் போர்க் காலத்தில் போக்குவரத்துக்குத் திறக்கப்பட்டதும் தோள்களின் வேலை குறைந்தது. மனைகளின் விலை ஏறிற்று.

ஒரு மனிதர் தம் விருப்பத்தினால் எழுப்பிய நீர்நிலைதான் ஒவ்வொரு மனைக்கும் விலையைக் கூட்டிற்று. அதைக் காப்பதற்கான செலவு மட்டும் எந்தப் பத்திரத்திலும் சேரவில்லை. செக்குபந்தியில் ஏரி வராதது வெறும் எழுத்துக் குறை அன்று.

கொடைக்கானல் தனித்த ஒன்றும் அன்று. உதகை ஏரியை ஜான் சல்லிவன் 1820களில் அமைத்தார். இலங்கையின் நுவரெலியா ஏரி ஆளுநர் கிரெகரியின் காலத்தில், 1873இல் உருவாயிற்று. மலைவாழிடம் என்றால் ஏரி இருந்தே தீர வேண்டும் என்று அன்றைய ஆட்சியாளர் எண்ணினர் போலும். இல்லாத இடத்தில் ஆக்கிக்கொண்டனர்.

இருந்த இடத்தில் என்ன செய்தனர்? அதற்கு இமயமலை அடுக்கிலுள்ள நைனிடாலைப் பார்க்க வேண்டும். அங்கே ஏரி இயற்கையானது. கரையில் நைனா தேவி கோவில்; சுற்றுப்புற மலைமக்கள் ஆண்டுதோறும் கூடி வழிபடும் புனித நீர்நிலை. அதைப் பற்றி வெளியாரிடம் பேசவும் அவர்கள் விரும்பவில்லை. 1841இல் ஷாஜகான்பூரில் சர்க்கரை வணிகம் செய்துவந்த பாரன் என்னும் ஆங்கிலேயர் அங்கு வந்து சேர்ந்தார். கண்டதும் மயங்கினார், செய்தித்தாளில் எழுதினார், அடுத்த ஆண்டே படகொன்றைச் சுமக்கச் செய்து திரும்பி வந்தார். அந்நிலம் தம் குடும்பத்தின் உரிமை என்று நர்சிங் என்னும் மலைநாட்டுத் தலைவர் வாதிட்டார். பாரன் அவரைப் படகில் ஏற்றிக்கொண்டு நடு ஏரிக்குப் போய், உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதித் தராவிட்டால் நீரில் விழ நேரும் என்று அச்சுறுத்தி, குறிப்பேட்டில் எழுதி வாங்கினாராம். நைனிடால் வரலாறு எழுதியோர் பலரும் இதை ஒரு வேடிக்கைக் கதை போலவே சொல்லிச் செல்கின்றனர். நீந்தத் தெரியாத ஒருவர் நடு ஏரியில் எழுதிக் கொடுத்ததில் வேடிக்கை என்ன இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை. விவிலியம் அறிந்த நமக்கு நாபோத்தின் திராட்சைத் தோட்டம் நினைவுக்கு வராமல் போகாது. ஆகாபு அரசனாவது முதலில் மாற்று நிலமோ விலையோ தருவதாகச் சொன்னான்.

அதன்பின் நைனிடாலில் மாளிகைகள் எழுந்தன. சரிவுகளில் மரம் வெட்டி, மண்ணைக் குடைந்து, ஏரி தெரியும் இடமெல்லாம் வீடு கட்டினர். 1880 செப்டம்பர் 18ஆம் நாள், இடைவிடாத மழைக்குப் பின் ஒரு சரிவு அப்படியே பெயர்ந்து வந்தது. சில நொடிகளில் விக்டோரியா விடுதி புதைந்தது; நைனா தேவி கோவிலும் கரையிலிருந்த பொதுக் கூடமும் சிதைந்தன. இறந்தோர் 151 பேர். முதல் சரிவில் சிக்கியோரை மீட்கச் சென்றவர்களும் அவர்களுள் அடங்குவர். இடிபாடு ஏரிக்குள் சென்று ஒரு மூலையை மேடாக்கிற்று. அங்கேதான் பின்னாளில் விளையாட்டுத் திடல் அமைந்தது. அரசு சரிவுகளெங்கும் கல் வாய்க்கால்கள் கட்டி நீரை வடியவிட்டது. அந்த வாய்க்கால்கள் இன்றும் நைனிடாலைத் தாங்குகின்றன என்பர் பொறியாளர்.

இப்படியெல்லாம் சொல்லிக்கொண்டே போனால், மலை ஏரிக்கரையில் நிலம் வாங்கிய அனைவருமே பேராசைக்காரர் என்று வாசகர் எண்ணக்கூடும். அது நேர்மையாகாது. ஆங்கில நாட்டின் ஏரி மாவட்டத்தில் வேறொரு வகை வாங்குதலும் நடந்தது. அங்கும் இருப்புப் பாதை வந்த பின் ஆலை முதலாளிகள் கரைகளை வாங்கி மாளிகை கட்டினர், பாதைகள் அடைபட்டன. ஹார்ட்விக் ரான்ஸ்லி என்னும் ஆங்கிலிக்கன் குரு இதை எதிர்த்து நின்றார். வெறுமனே எதிர்த்தால் போதாது, வாங்கிவிட வேண்டும் என்று அவரும் நண்பர்களும் கருதினர். 1895இல் தேசிய அறக்கட்டளை ஒன்று நிறுவினர். 1902இல் டெர்வென்ட்வாட்டர் ஏரிக்கரையில் பிராண்டல்ஹவ் என்னும் 108 ஏக்கர் நிலத்தைப் பொதுமக்களிடம் திரட்டிய 6,500 பவுனுக்கு வாங்கினர். கொடுத்தவர்களில் ஆலைத் தொழிலாளரும் இருந்தனர். அந்த ஏரியைத் தாம் காணப் போவதில்லை என்று தெரிந்தும் சில்லறைக் காசு அனுப்பியவர்கள் உண்டு. வாங்கிய பின் வேலி போடவில்லை. எவரும் நடக்கலாம் என்று திறந்து விட்டனர். ஒரே ஏரிக்கரை, ஒரே வகைக் கிரயம். ஆனால் வாங்கியதன் நோக்கம் வேறு. நம் மலைகளில் இப்படியொரு கிரயம் நடந்ததாக நான் படித்ததில்லை.

மீண்டும் கொடைக்கானலுக்கு. 1947க்குப் பின் வெள்ளையரின் வீடுகள் ஒவ்வொன்றாகக் கைமாறின. வணிகரும் ஆலை அதிபரும் வாங்கினர், பின்னர் விடுதிக்காரர்கள், அதற்கும் பின் என் மருமகனைப் போன்ற நடுத்தரக் குடும்பத்தார். ஒரு காலத்தில் ஐம்பது குடும்பங்கள் பார்த்த ஏரியை ஆயிரம் சன்னல்கள் பார்க்கலாயின. சன்னல்கள் பெருகப் பெருகச் சாக்கடையும் பெருகிற்று. சதுப்பும் சோலைக்காடும் மழைநீரைப் பிடித்து வைத்து மெல்ல விட்ட நாள் போய், கூரையும் சிமெண்டுத் தளமும் அதை விரைந்து தள்ளும் நாள் வந்தது. நகருக்கென்று 1993இல் பெருந்திட்டம் வகுக்கப்பட்டது. அதை மீறி உயர்ந்த கட்டடங்கள் வழக்குமன்றம் சென்றன. 2019இல் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ஆணைப்படி, ஒப்புதலின்றி எழுந்த விடுதிகளும் கட்டடங்களும் பல முத்திரையிட்டு மூடப்பட்டன. 2024 மே மாதம் முதல் உதகைக்கும் கொடைக்கானலுக்கும் செல்வோர் மின்னணு அனுமதிச் சீட்டுப் பெற வேண்டும் என்று அதே உயர்நீதிமன்றம் பணித்தது. மலை எத்தனை வண்டிகளைத் தாங்கும் என்று எண்ணிப் பார்க்க வேண்டிய நிலை வந்ததே அதற்குக் காரணம்.

இவை கண்ணுக்குத் தெரிந்தவை. கண்ணுக்குத் தெரியாத ஒன்றும் உண்டு. 1980களில் கொடைக்கானலில் தொடங்கப்பட்ட வெப்பமானி ஆலை ஒன்று, பாதரசக் கழிவு பற்றிய எதிர்ப்பின் விளைவாக 2001இல் மூடப்பட்டது. சில ஆண்டுகள் கழித்து அறிவியலாளர் ஏரியின் நீரையும் சேற்றையும் மீன்களையும் ஆராய்ந்து, அவற்றில் பாதரசம் கலந்திருப்பதைக் கண்டு 2006இல் வெளியிட்டனர். நீரில் கலந்த பாதரசம் கண்ணுக்குத் தெரிவதில்லை, நாற்றமும் இல்லை. நீரின் அழகு ஒரு சிறிதும் குறையவில்லை. சன்னலைத் திறந்தால் ஏரி அதே ஏரியாகத்தான் தெரிந்திருக்கும்.

இவ்வளவையும் மருமகனிடம் ஒரே நாளில் நான் சொல்லவில்லை. சொன்னால் கேட்கும் வயதும் அவனுக்கு இல்லை. “நேரில் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்” என்று மட்டும் சொன்னேன். அனுமதிச் சீட்டுப் பெற்று இருவரும் போனோம். தரகர் எங்களை ஒரு சரிவில் நிறுத்தி, கை நீட்டிக் காட்டினார். இரண்டு விடுதிகளின் மாடிகளுக்கு நடுவே உள்ளங்கையளவு நீர் தெரிந்தது. “இந்த இடைவெளியிலும் யாராவது கட்டினால்?” என்று மருமகன் கேட்டான். “கட்டமாட்டார்கள் சார்” என்றார் தரகர், எங்கள் முகத்தைப் பாராமலே.

மாலையில் ஏரியைச் சுற்றி நடந்தோம். ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டர். சோளக்கதிர் சுடுவோர், குதிரை வாடகைக்கு விடுவோர், எங்கிருந்தோ வந்த பள்ளிப் பிள்ளைகள், மூட்டையோடு ஊர் திரும்பும் மலைக்கிராமத்துப் பெண்கள். கரையில் மனை இல்லாத அத்தனை பேரும் அந்தச் சாலையில் இருந்தனர். மருமகன் அதிகம் பேசவில்லை. “யோசித்துச் சொல்கிறேன் மாமா” என்றான்.

மறுநாள் காலை பேருந்தில் இறங்கினோம். மலைச்சாலையில் எட்டு கிலோமீட்டர் வந்ததும் வெள்ளி அருவி. ஏரியில் நிரம்பி வழியும் நீர்தான் அங்கே பாறையில் விழுகிறது. பேருந்து சற்று நின்றது. சுற்றுலா வந்த குடும்பமொன்று இறங்கி ஓடிற்று. பாட்டி ஒருத்தி இரு கைகளிலும் நீரை ஏந்தி முகத்தில் அறைந்துகொண்டு, பேரனைக் கூப்பிட்டு அவன் முகத்தையும் துடைத்துவிட்டாள். பின்னர் கொண்டுவந்த பாட்டிலை அருவிக்கு அடியில் பிடித்தாள். நடத்துநர் விசில் ஊதினார்.